ஷரன் ஜோன்ஸ்: முதலில் எந்த ஆல்பம்?

பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஆல்பம் கேட்டு மயங்கிப்போய், "இதே மாதிரி வேறு என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்லும் முதல் பெயர் அமெரிக்கப் பாடகி ஷரன் ஜோன்ஸ். 'மாதிரி' என்று சொல்வதுகூடப் பொருந்தாது. அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு உட்படப் பல பாட்டுகளில் பின்னால் வாசிப்பதே ஷரனின் குழுவான டாப்-கிங்ஸ்தான். தயாரிப்பாளர் மார்க் ரான்சன் அவர்களைத் தேடிப்போய், புரூக்ளினில் அவர்களுடைய ஸ்டூடியோவிலேயே பதிவு செய்தார். 2007இல் ஏமியின் அமெரிக்கக் கச்சேரிகளுக்கும் அவர்களே வாசித்தார்கள். மறு ஆண்டு ஏமிக்கு ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன. ஷரனோ அப்போதும் வேனில் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டிருந்தார்.

பெயர் கிடைத்ததும் அடுத்த சிக்கல் வரும். ஸ்ட்ரீமிங்கில் தேடினால் ஆல்பங்கள் வரிசை கட்டி நிற்கும். அட்டைகள் எல்லாம் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அச்சடித்தவை போலவே இருக்கும். விமர்சனங்களைப் படித்தால் 'பழைய பாணி சோல்' (சர்ச் பாட்டிலிருந்து கிளைத்த கறுப்பின அமெரிக்க இசை) என்று எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை. புதிதாக வருபவரைக் குழப்புவது இந்த முத்திரைதான். 1966இல் மெம்ஃபிஸ் நகரம் ஒரு சத்தம். 1969இல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் இன்னொரு சத்தம். 1972இன் ஃபிலடெல்ஃபியா முற்றிலும் வேறு. ஷரனின் ஒவ்வொரு ஆல்பமும் இதில் வெவ்வேறு ஆண்டில் போய் இறங்குகிறது. ஆகவே முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, உங்களுக்கு எந்தப் பழசு வேண்டும் என்பதை.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1956இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் பிறந்தார். ஜேம்ஸ் பிரவுன் வளர்ந்த ஊரும் அதுதான். ஷரன் வளர்ந்தது நியூயார்க்கின் புரூக்ளினில். சர்ச்சில் பாடினார், கல்யாண வீடுகளில் பாடினார், பிழைப்புக்கு ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகவும், வங்கிப் பணம் கொண்டுபோகும் வண்டியில் பாதுகாவலராகவும் வேலை பார்த்தார். கறுப்பு அதிகம், பருமன் அதிகம், உயரம் போதாது, வயசும் ஆகிவிட்டது என்று ஒரு பெரிய கம்பெனிக்காரர் திருப்பி அனுப்பியதைப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். 1996இல் லீ ஃபீல்ட்ஸ் என்ற பாடகரின் பதிவுக்குக் கோரஸ் பாட மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தது ஷரன் ஒருத்தர்தான். மூன்று பேர் குரலையும் தானே பாடிக்கொடுத்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது. அந்தப் பதிவை நடத்தியவர்களில் ஒருவரான கேப்ரியல் ராத், பிறகு சாக்ஸபோன் கலைஞர் நீல் ஷுகர்மனோடு சேர்ந்து 2001இல் டாப்டோன் ரெக்கார்ட்ஸ் தொடங்கினார். பெரிய கம்பெனி எதற்கும் சொந்தமில்லாத சின்ன லேபிள். ஷரன் கடைசிவரை அங்கேயேதான் இருந்தார்.

புஷ்விக் பகுதியில் ட்ரவுட்மன் தெருவில் ஒரு பழைய வீட்டை எடுத்து இவர்களே ஸ்டூடியோவாக மாற்றினார்கள். பிளக் பாயின்ட்டுக்கு ஒயர் இழுத்ததில் ஷரனுக்கும் பங்குண்டு. அங்கே ஓடியது எட்டு ட்ராக் டேப் மெஷின், அதாவது எட்டே எட்டுத் தனி வரிசைகளில்தான் சத்தத்தைப் பிரித்துப் பதிய முடியும். இன்றைய கம்ப்யூட்டர் பதிவில் நூறு ட்ராக் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ட்ரம்ஸுக்கு மட்டுமே பத்து மைக் வைத்துவிட்டு, எது எவ்வளவு சத்தம் என்பதை ஒரு மாதம் கழித்து யோசிக்கலாம். எட்டு ட்ராக்கில் அந்தச் சலுகை கிடையாது. ட்ரம்பெட்டும் சாக்ஸபோன்களும் ஒரு ட்ராக்கில் சேர்ந்து போக வேண்டியிருக்கும். சாக்ஸ் சத்தம் தூக்கலாக இருந்தால் பிறகு குறைக்க முடியாது. வாசிப்பவர் மைக்கை விட்டு ஓரடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். பழைய பதிவுகளில் நமக்குப் பிடித்திருக்கிற அந்த ஒட்டுதலில் பாதி, இப்படி முன்கூட்டியே முடிவெடுத்ததால் வந்தது. மற்ற பாதி, ஆட்கள் ஒரே அறையில் ஒருவர் முகம் பார்த்து வாசித்ததால் வந்தது. பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பழைய பாட்டுப் பாடுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். இவர்கள் வேலை செய்யும் முறையையே பழசாக்கிக்கொண்டார்கள். எல்லா ஆல்பத்துக்கும் இந்த வேலை முறை பொது என்பதால், ஒன்றையொன்று பிரிப்பது பாட்டும் அமைப்பும் ஷரனின் குரலும்தான்.

2002இல் வந்த முதல் ஆல்பம் 'டாப் டிப்பின்'. இது அப்பட்டமான ஃபங்க், மெட்டைவிடத் தாளம் முந்தி நிற்கும் இசை. 1969, 70 வாக்கில் ஜேம்ஸ் பிரவுன் குழு வாசித்த விதம். மேடையில் ஆளை அறிமுகப்படுத்துவதுபோல கிதார் கலைஞர் பிங்கி கிரிப்டைட் முழங்கி வரவேற்க, ஷரன் உள்ளே வருவார். ஜேனட் ஜாக்சன் 1986இல் பாடிய ஒரு ஹிட் பாட்டையும் இதில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சிந்தசைசரும் ட்ரம் மெஷினும் போட்ட அந்தப் பாட்டை இவர்கள் வாசிக்கும்போது, இதுதான் மூலம், ஜேனட் பின்னால் வந்து காப்பி அடித்தார் என்று சத்தியம் செய்யத் தோன்றும். குறும்பு. ஆனால் முதல் ஆல்பமாக இதை நான் சொல்ல மாட்டேன். இங்கே ஷரனின் குரல் இன்னொரு தாள வாத்தியம். கத்துகிறார், விரட்டுகிறார், குழுவை உசுப்பிவிடுகிறார். பாட்டு என்று வாயில் முணுமுணுக்கக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆட ஆள் இருக்கும் வீட்டில் போடுங்கள். தனியாக ஹெட்ஃபோனில் கேட்டால் நான்காவது பாட்டில் களைத்துவிடுவீர்கள்.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும்தான்: 2005இன் 'நேச்சுரலி', 2007இன் '100 டேஸ், 100 நைட்ஸ்'.

யாரைக் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். காரணம் உண்டு. 'பேக் டு பிளாக்' வந்து எல்லோரும் இந்தக் குழுவைத் தேடத் தொடங்கிய நேரத்தில் வந்தது அது. ஃபங்கின் முரட்டுத்தனம் குறைந்து, 1960களின் நடுப்பகுதி சோல் பாட்டின் கட்டமைப்பு வந்துவிட்டது. மூன்று நிமிஷம், தெளிவான பல்லவி, ஊதுகுழல்கள் வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போகும். தலைப்புப் பாட்டு ஒன்றே போதும். மைனர் ஸ்கேலில் ட்ரம்பெட்டும் சாக்ஸும் கனமாக நடந்து வர, ஒரு ஆளின் மனசைத் தெரிந்துகொள்ள நூறு பகலும் நூறு இரவும் ஆகும் என்கிறார் ஷரன். பாதிப் பாட்டில் ஒரு காரியம் செய்கிறார். கொஞ்சம் பொறுங்கள், இதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று குழுவை நிறுத்துகிறார். ட்ரம்ஸ் அப்படியே வேகம் குறைந்து ஆடி அசைந்து வேறு நடைக்குப் போகிறது. அதே பல்லவி, முன்பு எச்சரிக்கைபோல ஒலித்தது, இப்போது அனுபவமாக ஒலிக்கிறது. காதில் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக் டிராக்குக்கு வாசிக்கிற குழுவால் இதைச் செய்ய முடியாது. ஹோமர் ஸ்டைன்வைஸின் ட்ரம்ஸை மட்டும் கவனித்து அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் இறங்குகிறார்கள் என்பது காதிலேயே தெரியும்.

ஆனால் ஆல்பம் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டால் எனக்கு ஒரு குறை. பத்துப் பாட்டும் நல்ல பாட்டு, ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் நிற்கும் நல்ல பாட்டு. கடைசியில் வரும் சர்ச் பாட்டு மட்டும் சட்டென்று ஜன்னலைத் திறக்கிறது.

'நேச்சுரலி' அப்படி இல்லை. ஒரு காலைத் தரையில் தட்டவைக்கும் ஃபங்க் உண்டு. நல்ல மனுஷனை எப்படி விட்டுப் போவது என்று தவிக்கும் முதல் பாட்டு உண்டு. காத்திருந்து சலித்த பாட்டு உண்டு. நடுவில் லீ ஃபீல்ட்ஸோடு ஒரு ஜோடிப் பாட்டு வருகிறது, அதை நாடகம் என்றே சொல்லலாம். ராத்திரி நேரம், கதவு தட்டும் சத்தம். யாரது என்கிறார் ஷரன். வந்தவர் கெஞ்ச, இவர் எகிற, கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் இளகுகிறது. பாதி பேச்சு, பாதி பாட்டு. கதவு திறக்குமா என்று நமக்கே படபடப்பு. ஒரு காலத்தில் கோரஸ் பாட வந்தவர், அதே லீ ஃபீல்ட்ஸுக்குச் சரிக்குச் சமமாக நின்று வாதாடுகிறார் என்பது தெரிந்து கேட்டால் இன்னும் ருசி.

இதே ஆல்பத்தில்தான் உட்டி கத்ரியின் பாட்டும் இருக்கிறது, அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் தேசபக்திப் பாட்டாகப் பாடும் அந்த 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்'. கத்ரி அதை 1940இல் எழுதினார். தனியார் சொத்து என்று எழுதிய பலகையைப் பற்றியும், நிவாரண அலுவலக வாசலில் பசியோடு நிற்கும் ஜனங்களைப் பற்றியும் அதில் வரிகள் உண்டு. பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் அவற்றை விட்டுவிடுவார்கள். ஷரன் விடவில்லை. மெட்டையும் இருட்டாக்கி, பேஸ் கிதாரை முன்னால் கொண்டுவந்து, இந்த நாடு உன்னுடையது என்ற வரியைச் சந்தேகத்தோடு பாடுகிறார். ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பினப் பெண் பாடும்போது அந்த வரி யாரைப் பார்த்து என்ற கேள்வி தானாகவே எழுகிறது. ஜார்ஜ் க்ளூனி நடித்த 'அப் இன் தி ஏர்' படத்தின் டைட்டிலில் ஒலிப்பது இந்தப் பதிவுதான். விமானத்திலிருந்து எடுத்த அந்த நிலக்காட்சிகளோடு பார்த்திருப்பீர்கள்.

தனிப் பாட்டில் '100 டேஸ்' ஜெயிக்கிறது. முழு ஆல்பமாக 'நேச்சுரலி' ஜெயிக்கிறது. ஒரே ஒரு ஆல்பம்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தால் 'நேச்சுரலி' வாங்குங்கள், அந்தத் தலைப்புப் பாட்டைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முடிவிலிருந்து விலக வேண்டியவர்களும் உண்டு. ஃபங்க் பக்கமே போக வேண்டாம், மெலடி வேண்டும், வயலின் வேண்டும் என்பவர்கள் நேரே 2010க்குப் போகலாம். 'ஐ லேர்ன்ட் தி ஹார்டு வே' 1970களின் தொடக்கத்து ஃபிலடெல்ஃபியா, சிகாகோ பக்கம் சாய்ந்தது. வில் வாத்தியங்கள் விரிந்து வருகின்றன, கோரஸ் மெத்தென்று விழுகிறது. இதுவும் அதே எட்டு ட்ராக்கில் பதிவானதுதான் என்று நம்பவே கஷ்டம். பில்போர்டு 200 என்ற அமெரிக்க ஆல்பப் பட்டியலில் வந்த வாரமே 15ஆம் இடம் பிடித்தது. ஒரு சின்ன லேபிளுக்கு அது சாதாரண விஷயமில்லை. பணத்தைப் பார்த்து, எங்கே போய்விட்டாய் என்று கதறும் ஒரு பாட்டு இருக்கிறது. பொருளாதாரச் சரிவுக்குப் பின்னால் வந்த ஆல்பம், கேட்கவா வேண்டும்! கடைசிப் பாட்டில் குழு கிட்டத்தட்ட விலகிக்கொள்ள, ஒரு கிதாரும் பெண் குரல்களுமாக, என் ஆளை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று சிரிப்பும் பெருமூச்சுமாகப் பாடுகிறார்கள். நடுப்பகுதியில் ஒரே நிதான வேகத்தில் சில பாட்டுகள் அடுத்தடுத்து வந்து தூக்கம் வரவைக்கும் என்பது என் அபிப்பிராயம். நண்பர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

'கிவ் தி பீப்பிள் வாட் தே வான்ட்' பற்றித் தேடினால் பெரும்பாலும் புற்றுநோயைப் பற்றித்தான் படிக்கக் கிடைக்கும். 2013 ஆகஸ்டில் வர வேண்டிய ஆல்பம். ஜூனில் ஷரனுக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டதால் தள்ளிப்போய், 2014 ஜனவரியில் வந்தது. கீமோதெரபியில் முடி கொட்டிய தலையோடு, விக் வைக்காமல், அந்தப் பாட்டுகளில் ஒன்றின் வீடியோவில் ஆடினார். அந்த உருவம் மனசில் பதிந்துபோன பிறகு, பின்வாங்கு என்று உறுமும் முதல் பாட்டை நோயைப் பார்த்துப் பாடியதாகத்தான் கேட்கத் தோன்றும். ஆனால் பதிவு முடிந்து டேப் தயாராக இருந்தபோதுதான் நோயே தெரியவந்தது. அந்தப் பாட்டு தன்னிடம் வாலாட்டும் ஒரு ஆம்பளையைப் பார்த்து ஒரு கெட்டிக்காரப் பொம்பளை விடுக்கிற மிரட்டல். அப்படிக் கேட்டால் இன்னும் சுகமாக இருக்கிறது. பத்துப் பாட்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, வீண் சதை என்று ஒன்றும் கிடையாது. சிறந்த ஆர் அண்டு பி ஆல்பத்துக்கான கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. முழு ஆல்பம் கேட்கப் பொறுமை இல்லாதவருக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

முதலில் எடுக்கவே கூடாதது 'சோல் ஆஃப் எ வுமன்'. மோசம் என்பதால் சொல்லவில்லை. சிகிச்சைகளுக்கு இடையே தெம்பு இருந்த நாள்களில் பாடிய ஆல்பம் அது. 2016 நவம்பர் 18 அன்று அவர் போய்விட்டார், அறுபது வயது. ஆல்பம் வந்தது 2017 நவம்பர் 17 அன்று. முதல் பக்கம் துள்ளல், இரண்டாம் பக்கம் வில் வாத்தியங்களோடு மெதுவான பாட்டுகள். கடைசிப் பாட்டு ஷரன் தன் சர்ச் கோரஸுக்காக இளமையில் எழுதியது. அவர் இறந்த பிறகு, அந்த நாள்களில் கூடப் பாடியவர்கள் ஸ்டூடியோவுக்கு வந்து பின்குரல் கொடுத்தார்கள். இதை முதலில் கேட்டால் ஷரன் என்றாலே உங்களுக்குச் சோகப் பாடகி என்று பதிந்துவிடும். மேடையில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடிய மனுஷி அவர். மற்றவற்றைக் கேட்டுப் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். அப்போது அந்தக் குரலில் எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று உங்களுக்கே பிடிபடும்.

பட்டியலில் ஓரமாக நிற்கும் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். 2011இல் வந்த 'சோல் டைம்!' ஒரு தொகுப்பு. பெரும்பாலும் ஆல்பங்களில் சேராமல், சின்னத் தட்டுகளிலும் பிற இடங்களிலும் வந்த பாட்டுகள். இராக் போர் நேரத்தில், நாம் எல்லோரும் வரி கட்டுவதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று கேட்ட பாட்டு இதில் இருக்கிறது. அரசாங்கக் குடியிருப்பில் புகைபோக்கியே இல்லையே, கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி உள்ளே வந்தார் என்று குழந்தை கேட்கும் பாட்டும் இருக்கிறது. ஷரனுக்கு அரசியல் உண்டா என்று கேட்பவருக்கு இதுவே பதில். 'நேச்சுரலி'க்கு அடுத்து இரண்டாவதாக எதை எடுப்பது என்றால், பலர் சொல்வதை விட்டு நான் இதைத்தான் சொல்வேன். கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கென்றே 2015இல் ஒரு தனி ஆல்பமும் போட்டார்கள். அது டிசம்பர் சங்கதி.

எந்த வடிவத்தில் வாங்குவது என்பது அடுத்த குழப்பம். டாப்டோன்காரர்களுக்கு உயிர், நிமிஷத்துக்கு 45 சுற்று சுற்றும் 45 ஆர்.பி.எம். சின்னத் தட்டுதான். பக்கத்துக்கு ஒரு பாட்டு, சத்தமாக வெட்டியிருப்பார்கள், அடித்துத் தூக்கும். பாட்டு நீளமாக இருந்தால் நடுவில் வெட்டி, பாகம் ஒன்று இந்தப் பக்கம், பாகம் இரண்டு அந்தப் பக்கம். ஜேம்ஸ் பிரவுன் காலத்து வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நம்மூரிலிருந்து ஒன்றை வரவழைத்தால் ஆறு நிமிஷ இசைக்குத் தட்டின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாகிவிடும். அமெரிக்க 45 தட்டுகளுக்கு நடுவில் பெரிய ஓட்டை இருக்கும். டர்ன்டேபிளோடு அடாப்டர் வரவில்லையென்றால் அதையும் தனியாக வாங்க வேண்டும். ஏற்கெனவே சேகரிப்பவர் அல்லாதவர் இதில் இறங்க வேண்டாம்.

எல்பி, அதாவது முழு ஆல்பமும் அடங்கும் பெரிய தட்டு, வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது, நல்ல டர்ன்டேபிள் வீட்டில் இருந்தால். இறக்குமதித் தட்டு சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால், முதலில் ஸ்ட்ரீமிங்கில் முழுதாக இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பெட்டியோடு ஸ்பீக்கர் ஒட்டிய சூட்கேஸ் பிளேயர்தான் உங்களிடம் இருக்கிறதென்றால், எல்பிக்கு ஆசைப்பட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள். இந்தப் பதிவுகளின் அழகே பேஸ் கிதாரும் ட்ரம்ஸும் அறையில் நிற்கும் விதம். அந்தப் பெட்டியில் அடித்தொனி வராது. அதே பணத்தில் ஒழுங்கான ஹெட்ஃபோன் வாங்கி, பேண்ட்கேம்ப் போன்ற இடத்தில் டிஜிட்டலாக ஆல்பத்தை வாங்குவது உத்தமம். டேப்பில் பதிவானதை டிஜிட்டலில் கேட்பது பாவம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். டேப்பின் குணம் பதிவாகும்போதே உள்ளே போய்விட்டது.

ஷரனுக்குப் பதில் அதே வீட்டிலிருந்து வேறு யாரையாவது தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்குச் சார்லஸ் பிராட்லி இருக்கிறார். ஜேம்ஸ் பிரவுன் வேஷம் கட்டி ஆடியே பல வருஷம் ஓட்டி, 62 வயதில், 2011இல் முதல் ஆல்பம் போட்டவர். அவர் பாடினால் குரல் கிழியும், கேட்பவர் கண் கலங்கும். எனக்கு ஒரு நேரத்தில் இரண்டு பாட்டுக்கு மேல் தாங்காது. லீ ஃபீல்ட்ஸ் அதற்கு நேர் எதிர். அவருடைய 2009இன் 'மை வேர்ல்ட்' டாப்டோன் போட்டது இல்லை, ட்ரூத் அண்டு சோல் என்ற வேறு லேபிள்; ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுவிட்டு மறந்துவிடலாம், அது பாட்டுக்கு ஓடும். இவர்கள் இருவரையும்விட ஷரனை முன்னால் வைப்பது ஒரே காரணத்துக்காக: அவரிடம் நகைச்சுவை இருக்கிறது. 'நேச்சுரலி'யில் அந்தக் கதவு தட்டும் பாட்டை முதலில் போட்டுப் பாருங்கள். வந்தவனிடம் அவர் கேட்கும் முதல் கேள்வியின் தொனி பிடித்துவிட்டால், மற்ற ஆல்பங்களுக்கு என் சிபாரிசு உங்களுக்குத் தேவைப்படாது.